கரண்டி நின்ற பாட்டில்

நடுவர் ஐயா, எதிரணியினரே, எங்கள் அணியினரே, எல்லோருக்கும் வணக்கம். மணியில் கை வைத்தபடியே என்னைப் பார்க்கிறீர்கள், அதனால் வணக்கம் இத்தோடு சரி.

தலைப்பு, வீட்டிலேயே பழ ஜாம் கிண்டுவது சுகமா, சுமையா? நாங்கள் சுகம் என்ற கட்சி. காரணங்களை வரிசையாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். எதிரணி அண்ணன் பேசி முடித்ததும் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன். அப்படி என்ன சொன்னார்? "வீட்டு ஜாமில் இரண்டே வகை. ஒன்றை டம்ளரில் ஊற்றிக் குடிக்கணும், இன்னொன்றை உளி வைத்துப் பெயர்க்கணும்." என்ன கைதட்டல்! நடுவர் ஐயா, நீங்களும் தட்டினீர்கள், நான் பார்த்தேன்.

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. எங்கள் வீட்டு விஷயம் உங்கள் காதுக்கு எப்படி வந்தது?

என் மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஓர் அறிவிப்பு செய்தார். "இனி மாம்பழ ஜாம் என் பொறுப்பு." அத்தையை அடுப்படிப் பக்கமே விடவில்லை. பழத்தைக் கூழாக்கி, சர்க்கரையைக் கொட்டி, அடுப்பைப் பற்றவைத்தார். கொதிக்கிறது. கரண்டியில் அள்ளிச் சரிக்கிறார், வழிகிறது. "இன்னும் இறுகலையே." கிண்டுகிறார். மறுபடி சரிக்கிறார், வழிகிறது. கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுக்கிறார், "போதுங்க, இறக்குங்க." இவர், "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு." மாம்பழக் கூழ் தெறித்து முழங்கை வரை சுட்டிருக்கிறது, மனிதர் அசரவில்லை. கடைசியில் கரண்டியிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. வெற்றி! பாட்டிலில் வழித்துப் போட்டு, ருசி பார்க்கக் கரண்டியையும் உள்ளே குத்திவைத்தார். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. பேசிவிட்டு வந்து கரண்டியைத் தூக்கினார். பாட்டிலும் கூடவே வந்தது.

பின்வரிசையில் சிரிப்புச் சத்தத்தில் கேட்கவில்லையாம், மறுபடி சொல்கிறேன். கரண்டியைத் தூக்கினால் பாட்டில் வருகிறது. என் கணவர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, மாமனார் கரண்டியை இழுக்கிறார். மாமனார் வருகிறார், கணவர் வருகிறார், கரண்டி மட்டும் வரவில்லை! அப்புறம் வீடு மாறியபோது அந்தப் பாட்டிலும் கரண்டியோடு லாரி ஏறியது. சாமான் ஏற்ற வந்த தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஐயா, இந்தக் கப்பு எந்தப் போட்டியில ஜெயிச்சது?"

சரி, இதில் ஜாம் மேல் என்ன குற்றம்? சூடாக இருக்கும்போது எந்த ஜாமும் வழியத்தான் செய்யும், ஆறினால்தான் இறுகும். அடுப்பிலேயே இறுகட்டும் என்று காத்திருந்தால் உளிதான். பழத்தில் பெக்டின் என்று ஒன்று இருக்கிறது. 1825-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ அதற்குப் பேர் வைத்தார். (எதிரணித் தங்கை "ஆதாரம் உண்டா" என்று கேட்டாரே, அவருக்காகச் சொல்கிறேன்.) தண்ணீரைச் சர்க்கரை தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், புளிப்பு துணைக்கு நிற்கும், அப்போது பெக்டின் கைகோத்து வலையாகும். அவ்வளவுதான் ஜாம். கொதி 105 டிகிரியைத் தொட்டதும் இறக்கிவிடலாம். வெப்பமானி இல்லையா? குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது.

அண்ணன் டம்ளரில் ஊற்றிக் குடித்த ஜாம் அனேகமாக அன்னாசியாக இருக்கும். அன்னாசியில் பெக்டின் குறைவு. பப்பாளியில் புளிப்பே போதாது. பப்பாளிக்கு எலுமிச்சை பிழியுங்கள், அன்னாசியோடு கொஞ்சம் கொய்யாவைச் சேருங்கள். கொய்யாவில் பெக்டின் தாராளம், அதுவும் அரைக்காயாக இருந்தால் இன்னும் விசேஷம். இதற்குப் போய் டம்ளர் தேடலாமா அண்ணே?

கடை ஜாம் பற்றியும் ஒரு வார்த்தை. கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தரநிலை ஜாமில் பொதுவாக 45 சதவீதம் பழம் கேட்கிறது. கொய்யா, பலா, வாழை என்றால் 25 சதவீதமே போதும். நம் வீட்டில் ஒரு கிலோ கூழுக்கு முக்கால் கிலோ சர்க்கரைதானே போடுகிறோம்? கணக்கை அண்ணனே போட்டுக்கொள்ளட்டும்.

முதல் மணி அடித்துவிட்டது. எழுதி வந்த காரணங்கள் பைக்குள்ளேயே இருக்கட்டும், ஐயா. இன்னொன்று சொல்ல வேண்டும்.

அத்தைக்கு இப்போது கண் தெரிவதில்லை. வீட்டில் எல்லோரும் பாசமாகத்தான் சொல்கிறோம், "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்." காயை நாங்கள் நறுக்குகிறோம், துணியை நாங்கள் மடிக்கிறோம். ஒரு வேலை மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டோம். பாசத்தில் செய்தாலும் பிடுங்கியது பிடுங்கியதுதானே?

ஆனால் ஜாம் கிண்டும் நாளில் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டாக வேண்டும். கிண்டுவது யார் தெரியுமா? அதே மாமனார்! அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். முதலில் சளசளவென்று நுரைத்துக் கொதிக்கும் சத்தம். போகப் போக நுரை அடங்கி, கொதி கனத்து, பொளக்... பொளக்... என்று இடைவெளி விட்டுக் கேட்கும். "ம், இறக்குங்க." மாமனார் மறுபேச்சுப் பேசுவதில்லை, இறக்கிவிடுவார். அதற்குப் பிறகுதான் நான் தட்டில் சொட்டு விட்டுப் பார்ப்பேன். சுருக்கம் விழுந்திருக்கும். அன்றைக்கு முழுக்க அத்தை குரலில் ஓர் அதிகாரம் இருக்கும் பாருங்கள், என்னைக் கல்யாணமாகி வந்த புதிதில் மிரட்டிய அதே அதிகாரம்! அதைக் கேட்கத்தான் நாங்கள் கொய்யா வாங்குகிறோம். கடையில் விற்கும் பாட்டில் வந்து இந்த அம்மாவிடம் "இறக்கட்டுமா?" என்று கேட்குமா, ஐயா?

இதோ இரண்டாவது மணி. முதல் வரிசை, இடது ஓரம், கறுப்புக் கண்ணாடி போட்டவர்தான் அத்தை. பக்கத்தில் மடியில் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பவர் மாமனார். கரண்டி இன்னும் அதில்தான் இருக்கிறது. சுமை என்று தீர்ப்பெழுதுவதாக இருந்தால், ஐயா, மேடையிலிருந்து சொல்லாதீர்கள். இறங்கிப் போய் அத்தையிடமே நேரில் சொல்லிவிடுங்கள். வணக்கம்.