சீட்டில் எழுதும் பெயர்

அவைக்கு வணக்கம். காலையிலிருந்து இந்த மேசைப் பக்கம் வந்தவர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஒரு பூவுக்கு எதற்கு இத்தனை நீளப் பெயர்?" அதற்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறேன்.

செருப்பு போன்ற பை இருப்பதால் மேசையில் உள்ள இந்த ஆர்கிட் பூக்களை ஸ்லிப்பர் ஆர்கிட் என்கிறோம். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஐரோப்பியச் செடி ஒன்றுக்கு சிப்ரிபீடியம் கால்சியோலஸ் என்று பெயர் வைத்தார். பிறகு ஆசியாவின் வெப்பக் காடுகளிலிருந்து வந்தவற்றையும் அந்த சிப்ரிபீடியம் என்ற பேரினத்திலேயே, அதாவது உறவுள்ள இனங்களின் தொகுப்பிலேயே, சேர்த்தார்கள். இலையைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும். சிப்ரிபீடியத்தின் இலை பனையோலை விசிறிபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். நம் தொட்டியில் உள்ள ஆசியச் செடியின் இலையோ தடித்த தோல்வார் மாதிரி; நடுவில் ஒரே மடிப்புதான். ஹைடல்பர்க் தாவரவியலாளர் பிஃபிட்சர் 1886-இல் இவற்றைப் பிரித்து பாஃபியோபெடிலம் என்ற பேரினத்தை அமைத்தார். ஆனாலும் தோட்டக்காரர்கள் பல பத்தாண்டுகள் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று ஸ்லிப்பர் ஆர்கிட்டுகளில் ஐந்து பேரினங்கள்.

இப்போது பூவைக் கிட்டே வைத்துப் பாருங்கள். பைக்கு மேலே, நடுவில் கேடயம்போல ஒரு தகடு இருக்கிறதல்லவா? அது மகரந்தம் தராத மலட்டு மகரந்தத்தாள். அதன் பின்னால் இருபுறமும் இரண்டு மகரந்தக் கட்டிகள். பைக்குள் விழுந்த ஈ, பின்பக்கச் சுவரில் உள்ள மயிர்களைப் பிடித்து ஏறி, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியை உரசி, பிறகு மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வெளியே வரும். பூவின் நிறம் செடிக்குச் செடி மாறலாம். அந்தத் தகட்டின் வடிவம் அவ்வளவு எளிதில் மாறாது. அதனால்தான் இனம் பிரிப்பவர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள். நிறத்தை மட்டும் நம்பிப் புது ரகப் பெயர் சூட்டுவது எனக்கு ஒப்பாத வேலை.

ஒருமுறை வைத்த பெயர் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு மைக்ராந்தம் என்ற பாஃபியோபெடிலம் இனம் சாட்சி. 'சிறு பூ' என்று அதற்குப் பொருள். 1951-இல் சீனத் தாவரவியலாளர்கள் டாங்கும் வாங்கும் அதை விவரித்தபோது அவர்கள் கையில் இருந்தது மொட்டு முழுதாக வளராத உலர்ந்த மாதிரி. உண்மையில் அதன் பை முட்டை அளவுக்கு இளஞ்சிவப்பாக உப்பி நிற்கும். ஆனால் முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே உரிமை என்பது விதி. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக அதை மாற்ற முடியாது.

காட்டு இனத்தின் கதை அப்படி. நாமே மகரந்தம் சேர்த்து உண்டாக்கியவற்றுக்கு வேறு கணக்கு. காலோசம், லாரன்சியானம் என்ற இரண்டு பாஃபியோபெடிலம் இனங்களையும் கலந்தால், எது தாய், எது தந்தை என்ற பேதமில்லாமல், பிறக்கும் கன்றுகள் எல்லாவற்றுக்கும் 'மாடியே' என்றுதான் பெயர். இந்தக் கூட்டப் பெயரை கிரெக்ஸ் என்பார்கள். லத்தீனில் மந்தை என்று பொருள். அதற்குப் பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் வருவது ஒரே ஒரு செடிக்கு உரிய பெயர். வீட்டுப்பெயரும் கூப்பிடும் பெயரும் மாதிரி. வீட்டுப்பெயர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது; கூப்பிடும் பெயர் அவரவருக்கு.

இதைப் புரிந்துகொள்ள நான் காசும் மூன்று வருடமும் செலவழித்தேன். மாடியே 'மேக்னிஃபிகம்' என்று சீட்டுக் கட்டியிருந்த கன்று ஒன்றை ஒரு நர்சரியில் வாங்கினேன். பூத்தபோது பச்சையும் வெள்ளையும் வரிவரியாக அழகாகத்தான் இருந்தது. ஆனால் மேல் இதழ் குறுகல். அந்த அகலம், அந்தக் கம்பீரம் இல்லை. விற்றவரிடம் கேட்டேன். "ஐயா, அதோட விதையில வந்த கன்றுதானே, அதே பேருதான்" என்றார். அவர் ஏமாற்றவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார். மாடியேயை மாடியேயோடு சேர்த்தாலும் கன்று மாடியேதான், அதுவரை சரி. 'மேக்னிஃபிகம்' என்பதுதான் பொய். அந்தப் பெயர் தாய்த்தூரிலிருந்து பிரித்தெடுத்த கிளைக்கே உரியது. விதைக்கன்றுக்கு அது சேராது. பாஃபியோபெடிலத்தைத் திசு வளர்ப்பில் பெருக்குவது மிகக் கடினம். ஆகவே நல்ல ரகத்தை உண்மையாகக் காப்பது தூர் பிரிப்பும் அதன் சீட்டும்தான்.

நம் மலைக்கும் இதில் பங்குண்டு. அகத்தியமலைப் பகுதியில் கர்னல் ட்ரூரி 1865-இல் கண்ட செடிதான் ட்ரூரியை என்ற இனம். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பாஃபியோபெடிலம் இது ஒன்றே. மஞ்சள் இதழ்களின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓடும். தாவரவியலாளர் பெடோம் அதற்குப் பெயரிட்டார். சேகரிப்பவர்கள் தூரோடு தூராகப் பிடுங்கிப் போனார்கள். இன்று பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எனவே ட்ரூரியை என்று யாராவது நீட்டினால், விதையில் வளர்த்ததா, மலையிலிருந்து பிடுங்கியதா என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். மை வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் தாங்கும். பெற்றோர் பெயர், வாங்கிய இடம், ஆண்டு மூன்றும் இருக்கட்டும். ஒரு சீட்டைத் தொட்டியின் ஓரத்தில் செருகுங்கள், அதே எழுத்தோடு இன்னொன்றைத் தொட்டியில் நிரப்பியுள்ள மரப்பட்டைத் துண்டுகளுக்குள் புதைத்து வையுங்கள். தெரியாத இடத்தில் ஊகித்து எழுதாமல், காலியாக விடுங்கள்.