பிரித்த ஹெரால்டைத் தொலைக்காமல் வைத்திருப்பது

[காட்சி: கொட்டகையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறந்திருக்கிறது.]

ஒரு பழைய காரைப் பிரிக்க இரண்டு வாரம் போதும். அதை மீண்டும் பூட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். பாகங்கள் தொலைவது அந்த இடைவெளியில்தான். கதவுக் கைப்பிடி ஒரு டப்பாவிலும் அதன் ஸ்பிரிங் வேறொரு டப்பாவிலும் போய்ச் சேர, கடைசியில் எந்த ஓட்டைக்கு உரியவை என்று யாருக்கும் தெரியாத ஒரு வாளி போல்ட்டுகள் மிஞ்சும். பிரித்த பாகங்களுக்கு அடையாளமிட்டு, அவற்றைக் கெடாமல் வைத்திருக்கும் முறையை, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொண்டு இந்த வீடியோவில் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த இந்தக் காரை 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னையில் தயாரித்தது. கார்க் கூடுகளைச் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டதால், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் ஹெரால்டின் கூட்டைத் தனித்தனிப் பகுதிகளாகச் செய்து, அடியில் உள்ள தனிச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் போல்ட்டுகளால் இணைக்கும்படி வடிவமைத்தது. அதனால் இந்தக் கூட்டைக் கழற்ற ஸ்பேனர் பெட்டியும் தூக்கிப் பிடிக்க நான்கு பேரும் இருந்தால் போதும். இவ்வளவு எளிதாகக் கழன்று வருவதால்தான், குறிப்பு எடுக்காமலேயே எல்லாவற்றையும் கழற்றிப் போடும் ஆசையும் வருகிறது.

[காட்சி: சேசிஸும் கூடும் சேரும் இடத்தில் மெல்லிய உலோகத் தகடுகள்.]

இந்தத் தகடுகளை ஷிம் என்பார்கள். கூடு சேசிஸின் மேல் எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும் என்பதையும், அதன் வழியாகக் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியையும் இவையே தீர்மானிக்கின்றன. ஓர் இடத்தில் இரண்டு தகடு இருக்கும், பக்கத்து இடத்தில் ஒன்றுகூட இருக்காது. ஆகவே ஒரு பெரிய அட்டையில் சேசிஸின் படத்தை வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் எடுத்த ஷிம்மை அந்தந்த இடத்திலேயே கம்பியால் கட்டிவிடுங்கள். கழற்றுவதற்கு முன்பு கதவின் இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து அதே அட்டையில் எழுதிவையுங்கள். சேசிஸைப் பழுது பார்த்த பிறகு அந்த ஷிம்களை அப்படியே போட்டால் கதவு சரியாக உட்காரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு அந்த அட்டை ஒன்றே ஆதாரம்.

அட்டையில் செய்த வேலையையே அடையாளச் சீட்டும் செய்ய வேண்டும். ‘பிராக்கெட் போல்ட்’ என்று எழுதிய சீட்டு ஆறு மாதம் கழித்து எதையும் சொல்லாது. ‘ஓட்டுநர் பக்க முன்கதவு, மேல் கீல், கூட்டின் பக்கம், 3 போல்ட், 3 வாஷர்’ என்று எழுதியிருந்தால், பிரித்தவர் அல்லாத ஒருவர்கூடப் பூட்டிவிடலாம். சீட்டைப் பென்சிலால் எழுதி ஜிப் லாக் கவருக்குள் போடுங்கள். கவரின் மேல் மார்க்கரால் எழுதுவது பெட்ரோலோ தின்னரோ பட்டதும் அழிந்துபோகும். முடிந்த இடங்களில் கவரே வேண்டாம்: பாகத்தைக் கழற்றியதும் அதன் போல்ட்டை அதே ஓட்டையில் கையால் திருகிவிட்டால், அதைவிடப் பாதுகாப்பான டப்பா கிடையாது.

போல்ட்டுகளை அளவு பார்த்து ஒரே டப்பாவில் சேர்ப்பது பெரும் தவறு. 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டிலிருந்து அதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது, ஆனால் மரைகள் பொருந்தா. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பல பட்டறைகளுக்குப் போய்வந்த காரில் இரண்டும் கலந்தே இருக்கும். மரை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்து, சந்தேகமானவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

[காட்சி: எட்டு ஓட்டை போட்ட அட்டையில் வரிசையாகச் செருகிய புஷ் ராடுகள்.]

ஹெரால்டின் 948 சி.சி. என்ஜினில் நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. கேம் ஷாஃப்டில் உள்ள கேம் எனும் மேடு டாப்பெட்டைத் தள்ள, அது புஷ் ராடு எனும் கம்பி வழியாக வால்வைத் திறக்கிறது. எட்டு புஷ் ராடுகளும் எட்டு டாப்பெட்டுகளும் வரிசை மாறக் கூடாது, ஏனெனில் ஒவ்வொரு டாப்பெட்டும் தான் உரசும் கேமுடன் சேர்ந்தே தேய்ந்திருக்கும். அதே கேம் ஷாஃப்டை மீண்டும் போடுவதாக இருந்து இடத்தை மாற்றிவிட்டால் தேய்மானம் விரைந்து ஏறும். கிராங்க் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் மூன்று மெயின் பேரிங் கேப்புகளையும், பிஸ்டனை அதனுடன் இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் கேப்புகளையும், இடத்தையும் திசையையும் குறித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அவற்றின் துளைகள் அந்தந்த இடத்தில் பூட்டிய நிலையிலேயே குடையப்பட்டவை. புதிதாக ஒன்றை வாங்கி அப்படியே பொருத்திவிட முடியாது.

வயரிங்கைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: நிறத்தை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் முறையில் கறுப்பு எர்த், பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது என்று ஒழுங்கு உண்டு. ஆனால் நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் அன்று கையில் கிடைத்த வயரைப் போட்டே காரை ஓட வைத்திருப்பார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு முனையிலும் நூலால் காகிதச் சீட்டைக் கட்டுங்கள். மாஸ்கிங் டேப் நம் வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடும்.

லேத் பட்டறைக்கோ கிரோம் முலாம் பூசும் இடத்துக்கோ அனுப்பும் பாகங்களைக் கொடுப்பதற்கு முன், அங்கேயே தரையில் பரப்பி எண்ணி, ஒரு படமெடுத்து, இருவரும் பார்க்க நோட்டில் எழுதுங்கள். பம்பரோடு ஏழு பிராக்கெட் கொடுத்து, ஆறு திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. படம் இல்லாததால் வாதாடவும் முடியவில்லை. அமிலத் தொட்டியில் இறங்கும் பாகத்தில் எந்தச் சீட்டும் தங்காது என்பதால், அங்கே எண்ணிக்கையும் படமும் மட்டுமே சான்று.

[காட்சி: மரப்பலகைகளின் மேல் அடுக்கிய பாகங்கள்.]

சென்னைக் கடற்காற்றில் துடைத்து வைத்த வெற்று இரும்பு ஓரிரு நாளிலேயே செம்மை பூக்கும். ஐப்பசி மழைக்கு முன்பே இயந்திரப் பரப்புகள் எல்லாவற்றிலும் கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றிவிடுங்கள். செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அது வேண்டாம். சிமெண்டுத் தரையிலிருந்தும் ஈரம் ஏறும் என்பதால் பாகங்கள் பலகையின் மேல்தான் இருக்க வேண்டும். முன்கண்ணாடியைப் படுக்கவைத்து அதன்மேல் எதையும் அடுக்காமல், கீழே கம்பளி விரித்து, நிமிர்த்தி நிறுத்துங்கள். பெட்ரோல் டேங்கைக் காலி செய்தாலும் உள்ளே ஆவி தங்கும். வெல்டிங் நடக்கும் கூரையின் கீழ் அதற்கு இடமில்லை. இருக்கைகளையும் ரப்பரையும் வெயில் படாமல் உயரத்தில் வையுங்கள். எலி மட்டும் எந்த உயரத்துக்கும் ஏறும்.

எதை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் கழன்று வரும் இருக்கை, மேல்விரிப்பு, உள் அலங்காரப் பாகங்கள் எல்லாம் கடைசியில்தான் திரும்பத் தேவைப்படும். அவை பரணுக்குப் போகலாம். கடைசியாகக் கழலும் சஸ்பென்ஷனும் பிரேக் பாகங்களும் முதலில் பூட்டப்படுபவை. அவை வாசலருகே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

புதிய பாகம் வாங்கிவிட்டோம் என்று பழையதை எடைக்குப் போடாதீர்கள். சென்னையில் பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு ரப்பரையோ கிளிப்பையோ தேடிப் போகும்போது, வாயால் விளக்குவதைவிடப் பழையதைக் கையில் காட்டிக் கேட்டால்தான் சரியானது கிடைக்கும். கார் சாலையில் ஓடி, மழையில் ஒருமுறை நனைந்து, எங்கும் ஒழுகவில்லை என்று தெரியும்வரை அந்தப் பழைய ரப்பர்கள் சீட்டோடு கவரிலேயே இருக்கட்டும்.