விசாரணை என்ற சொல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

காவல் நிலைய ஊழலைக் காட்டும் படங்கள் மக்களுக்குத் தருவது விழிப்பா, பயமா? இதுதான் நம் தலைப்பு. விழிப்பே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "இப்படியே படம் எடுத்தால், சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு பெண் புகார் கொடுக்க ஸ்டேஷன் படி ஏறுவாளா?" நியாயமான கவலை. அதனால் அந்தப் படியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மா, அந்தப் படியை நாம் என்றைக்குப் பயமில்லாமல் ஏறினோம்? எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது எங்கள் ஊரில் அப்பாவின் டிவிஎஸ் 50 திருட்டுப் போனது. அப்பாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் புகாரைப் படித்துப் பார்த்துவிட்டு, "ஒரு கட்டு வெள்ளைப் பேப்பரும் கார்பனும் வாங்கிட்டு வாங்க" என்றார். வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் ஐயா இல்லை. மூன்றாம் நாள் பெட்ரோலுக்குப் பணம். அதற்கப்புறம்தான் சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கைக்கு வந்தது. அது வேறு, வழக்குப் பதிவு செய்ததைக் காட்டும் எஃப்.ஐ.ஆர். வேறு என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. வண்டியைப் பறிகொடுத்தவர் என் அப்பா. மூன்று நாளும் குற்றவாளி மாதிரி கைகட்டி நின்றவரும் அவர்தான். அந்தப் பயத்தை எங்களுக்கு எந்தப் படமும் கற்றுத் தரவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். 2016-ல் திரைக்கு வந்த வெற்றிமாறனின் 'விசாரணை'. தலைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். "வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்று கடிதத்தில் எழுதுகிற மொழி நம்முடையது. நலம் கேட்பதற்குப் பெயர் விசாரிப்பது. அதே சொல் காவல் நிலைய வாசலைத் தாண்டியதும் அடி, உதை என்று ஆகிவிடுகிறது. இந்த மாற்றத்தை இவ்வளவு காலம் நாம் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தோம். எத்தனை படங்களில் நாயக போலீஸ் ஒருவனைப் புரட்டி எடுக்க, நாம் விசில் அடித்திருக்கிறோம்! அடி வாங்குபவன் நிஜமாகவே திருடன்தானா என்று ஒருமுறையாவது கேட்டோமா?

இந்தப் படம் கேட்க வைத்தது. ஆந்திராவின் குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்நாட்டுப் பையன்கள். வாடகைக்கு வழியில்லாமல் பூங்காவில் படுத்து உறங்குகிறவர்கள். பெரிய இடத்தில் திருட்டு, "கேஸை முடி" என்று மேலிருந்து நெருக்கடி. கேட்க ஆளில்லாத இவர்களைப் பிடித்து, ஒத்துக்கொள்ளும்வரை அடிக்கிறார்கள். ஏன் அப்படி? போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. நீதிபதி முன்னால் இவர்களே "நாங்கள்தான் செய்தோம்" என்று சொன்னால்தான் கேஸ் முடியும். அதற்காகத்தான் அத்தனை அடியும். இதில் யார் கையிலும் கவர் மாறவில்லை, ஆனால் இதுவும் ஊழல்தான். அடுத்தவன் உயிரை வைத்துத் தன் கணக்கை நேர் செய்வதைவிடப் பெரிய லஞ்சம் உண்டா?

இது கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. கோவையில் ஆட்டோ ஓட்டிய சந்திரகுமார், குண்டூரில் தான் பட்டதை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். அதுதான் படத்துக்கு மூலம். 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் படம் ஓடியபோது அவரும் அங்கே இருந்தார்.

அடுத்து, "நல்ல அதிகாரிகளை இந்தப் படங்கள் கேவலப்படுத்துகின்றன" என்றார் எதிரணித் தம்பி. தம்பி, அதே படத்தில் சமுத்திரக்கனி நடித்த போலீஸ் அதிகாரி முத்துவேல் யார்? மொழி தெரியாத பையன்களுக்காக நீதிமன்றத்தில் வாய் திறந்து, அவர்களை வெளியே கொண்டுவந்தவர் அவர்தானே? அதே முத்துவேலால், தன் ஸ்டேஷனில் ஓர் ஆடிட்டரின் உயிரைப் பேரம் பேசி முடிக்கும்போது எதையும் தடுக்க முடியவில்லை. தனியாக நிற்கும் நல்லவனை அந்த இடம் என்ன செய்யும் என்பதை இதைவிடப் பரிவாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிலப்பதிகாரத்திலும் இப்படிச் சில காவலர்கள் இருக்கிறார்கள். திருடிய பொற்கொல்லனே அயலூரான் கோவலனைக் காட்டிக் கொடுக்கிறான். பார்த்தால் கள்வன் போலத் தெரியவில்லையே என்று காவலர்கள் தயங்குகிறார்கள். பொற்கொல்லன் பேசிப் பேசி அந்தத் தயக்கத்தைக் கரைக்கிறான். அதற்குள் இன்னொருவன் வாளை வீசிவிடுகிறான். கண்ணகியின் கோபத்தை நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். தயங்கி நின்ற அந்தக் காவலர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

ஏனென்றால் அவர்களில் ஒருவன் சாத்தான்குளத்தில் திரும்பி வந்தான், பெண்ணாக. 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அப்பாவையும் மகனையும் கொண்டுபோனார்கள். நான்கு நாளில் இருவருமே உயிரோடு இல்லை. கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும், குறிப்பு எழுதிச் சாட்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே சொல்லிவிட்டது. அந்த ஸ்டேஷனில் கேமராவும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார்.

கேமரா சொல்லாததை ஒரு பெண் தலைமைக் காவலர் சொன்னார். விடிய விடிய அடித்தார்கள் என்றார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது என்றார். சக காவலர்கள் அதே வளாகத்தில் இருக்கும்போது சொன்னார். எதிரணி பேசுகிற அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போட முதலில் தயங்கினார்.

அப்புறம் போட்டார்.

நன்றி, வணக்கம்.