இரண்டாவது டியூபில் எழுதிய தேதி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தென்கோடியில், மெக்சிகோ எல்லையருகே மெக்காலன் என்றொரு நகரம். அடைக்கலம் கோரி வந்த குடும்பங்கள் அந்த நகரப் பேருந்து நிலையத்தில் நிறைந்திருந்த ஆண்டுகளில், அவர்களை அடையாளம் காணக் காலைப் பார்த்தாலே போதும். ஷூக்களில் லேஸ் இருக்காது. எல்லைக் காவலில் வைக்கும்போது, உயிரை மாய்த்துக்கொள்ள உதவும் என்று லேஸையும் பெல்ட்டையும் கழற்றி வாங்கிவிடுவார்கள். வெளியே விடும்போது அவை பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை. மருந்துகளும் பலருக்குத் திரும்பி வந்ததில்லை.

2014 கோடையில் மெக்காலன் திரு இருதய ஆலய மண்டபத்தில், அருட்சகோதரி நோர்மா பிமென்டல் தலைமையில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு ஒரு தங்குமிடத்தைத் திறந்தது. 2019இல் அமெரிக்கா, அடைக்கலம் கேட்டவர்களை மெக்சிகோவிலேயே காத்திருக்கச் சொன்னது. எல்லையான ரியோ கிராண்டே ஆற்றுக்கு அக்கரையில், மெக்சிகோவின் மத்தமோரோஸ் நகரில், பாலத்தடியில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களில் தங்கினார்கள். குளோபல் ரெஸ்பான்ஸ் மேனேஜ்மென்ட் என்ற தொண்டு நிறுவனம் அங்கே மருத்துவமனை நடத்தியது. 2021 மார்ச்சில் அந்த முகாம் மூடப்பட்டது.

ஆற்றின் இரு கரையிலும் நடந்த வேலை அடிப்படையில் ஒன்றுதான். இந்தக் குடும்பங்களை வழியில் வந்த நோயைவிட அதிகமாக வதைப்பது, நடுவில் அறுந்துபோன தொடர்ச்சி. அதைத் திரும்ப முடிச்சிட்டு இணைப்பதுதான் வேலை.

எனவே வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டு வந்தீர்கள், கடைசியாக எப்போது?" என்பது. இன்சுலின் போட்டு வந்த குழந்தைக்கு ஒரு நாள் தவறினாலே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். இந்தக் கேள்விக்கு வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. சூப் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

காய்ச்சல் மருந்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மெக்சிகோவில் பாராசிட்டமால் என்பதே அமெரிக்கக் கடையில் அசிட்டமினோஃபென். இரண்டும் வேறு என்று நினைத்துத் தாய் இரண்டையும் கொடுத்துவிடுவாள். அளவும் மாறும். மெக்சிகோவின் குழந்தைச் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். அமெரிக்கச் சிரப்பில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம். "ஒரு ஸ்பூன்" என்று வாயால் சொன்னால், பழைய மெக்சிகோ புட்டியிலிருந்து 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். குழந்தையை எடைபோட்டு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, ஊசியில்லாத, வாயில் புகட்டும் சிரிஞ்சில் கோடு கிழித்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. ஒரு பொட்டலம், ஒரு லிட்டர் சுத்தமான நீர். அரை லிட்டரில் கரைத்தால் உப்பு மிகும்; இரண்டு லிட்டரில் கரைத்தால் பயன் குறையும். கையில் அரை லிட்டர் புட்டி மட்டுமே இருப்பதால்தான் இந்தத் தவறு நடக்கிறது. லிட்டர் புட்டியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகப் புகட்ட வேண்டும்.

நெருக்கமாகப் படுத்துறங்கிய இடங்களிலிருந்து சொறி சிரங்கு வரும். 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். கைக்குழந்தைக்குத் தலையிலும் பூச வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவானால் மருத்துவரைக் கேட்க வேண்டும். குடும்பம் முழுவதற்கும் ஒரே இரவில் பூச வேண்டும், அரிப்பு இல்லாதவருக்கும்தான். துணியைக் கொதிநீரில் துவைக்க முடியாவிட்டால் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் ஒதுக்கி வைக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். சிகிச்சை தோற்பது இங்கேதான். அந்த ஒரு வாரத்தில் குடும்பம் உறவினர் வீடு தேடிச் சிகாகோவுக்கோ அட்லாண்டாவுக்கோ போயிருக்கும். அதனால் இரண்டாவது டியூபையும் முன்கூட்டியே கொடுத்து, பூச வேண்டிய தேதியை அதன் மேலேயே எழுதிவிட வேண்டும். அரிப்பு இன்னும் சில வாரம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

யாருடைய மொழியில் சொல்வது? குவாத்தமாலாவிலிருந்து வருபவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழி. மாம், கிச்சே, கெக்சி என்று மாயா மொழிகள் பேசுபவர்கள் அவர்கள். 2018 டிசம்பரில், எல்லைக் காவலில் இருந்த 7 வயதுச் சிறுமி, ரத்தத்தில் கிருமித்தொற்று ஏறி எல் பாசோ மருத்துவமனையில் இறந்தாள். அவளுடைய உடல்நலம் பற்றிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கேள்விகளை ஸ்பானிய மொழியில் கேட்டார்கள். தந்தையின் தாய்மொழி கெக்சி. தலையசைப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதே தெற்கெல்லையைக் கடந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் நேர்காணலில் மொழிபெயர்ப்புச் சிக்கல் இருந்தது என்பது அவர் தரப்பு சொன்ன குறைகளில் ஒன்று.

அடுத்தது காகிதம். குடும்பத்தின் கையில் ஒரு பழுப்பு உறை இருக்கும். உள்ளே குடியேற்ற நீதிமன்றத்தின் அழைப்பு இருக்கும். அதில் உள்ள முகவரியை உறவினர் வீட்டு முகவரியோடு அன்றைக்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில சமயம் அதில் தங்குமிடத்தின் முகவரியே அச்சாகியிருக்கும். வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் நீதிமன்றத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருக்கு விசாரணைத் தேதி பழைய கதவில் போய் விழும். அவர் வராமலேயே நாடு கடத்தும் உத்தரவு பிறப்பிக்கப்பட்டுவிடும். அடைக்கல மனுவையும் பொதுவாக வந்த ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதே, அதுவே மனுதானே என்று எண்ணி அந்த ஓராண்டைக் கடத்திவிடுபவர்கள் உண்டு. வாசலிலேயே இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

உறவினர் டிக்கெட் எடுத்ததும், பேருந்து மாறும் ஊர்களைத் தங்குமிடத் தொண்டர்கள் நேரத்தோடு எழுதிக் கொடுத்தார்கள். மெக்காலனில் உறையின் மேல் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: "உதவுங்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. நான் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும்?" அந்த ஒரு தாளை நீட்டியே இரண்டு மூன்று நாள் பயணத்தை முடித்தவர்கள் ஏராளம்.

2025 ஜனவரி 20இல், அடைக்கலம் கோருவோர் எல்லையில் சந்திப்பு நேரம் பதிவுசெய்யும் கைபேசிச் செயலி நிறுத்தப்பட்டது. எல்லையோரத் தங்குமிடங்கள் பல காலியாயின, சில மூடப்பட்டன. அக்கரையில் காத்திருந்தவர்களின் சர்க்கரை நோயும் கர்ப்பமும் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள பொருள் ஒரு பக்கச் சுருக்கம்: நோய், மருந்தின் பொதுப்பெயர், அளவு, போட்ட தடுப்பூசிகள். இரண்டு மொழியில் எழுதி நீர் புகாத பையில் போட்டுத் தர வேண்டும். நிறுவனப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் பொதுப்பெயரே வேண்டும்.

இத்தகைய இடங்களுக்குப் பொருள் அனுப்ப விரும்பும் நேயர்களுக்கு ஒன்று. பெரிய அளவு சட்டைகள் மூட்டை மூட்டையாக வந்து கிடக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் சிறிய உடல்வாகு கொண்டவர்கள். சின்ன அளவு ஆண்கள் பேண்ட், புதிய உள்ளாடை, காலுறை, முதுகுப்பை, ஒரு கட்டு ஷூ லேஸ், இவையே தேவைப்படும். அனுப்பும் முன் அங்கே ஒரு முறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.