தானாக நகர்ந்த மவுஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

2015 டிசம்பர் 23. மேற்கு உக்ரைனில் இவானோ-பிரான்கிவ்ஸ்க் வட்டார மின் விநியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். ஓர் ஊழியரின் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்து, ஒரு துணைமின் நிலையத்தின் பிரேக்கரை, அதாவது மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை, ஆஃப் செய்கிறது. பதறிப்போய் அவர் மவுஸை இழுக்கிறார். கேட்கவில்லை. அன்று இப்படித் தாக்கப்பட்ட 3 மின் நிறுவனங்களிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது.

வெளியிலிருந்து கணினிக்குள் புகுந்து மவுஸை நகர்த்திய திருடன் அன்றைக்கு வந்தவன் இல்லை. பல மாதம் முன்பே, மின்னஞ்சலோடு வந்த ஒரு கோப்பை யாரோ திறந்து, அது கேட்ட அனுமதியையும் கொடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து கட்டுப்பாட்டுக் கணினிக்குள் நுழையக் கடவுச்சொல் ஒன்றே போதுமாக இருந்தது. நாம் கரண்ட் பில் கட்டவே ஓடிபி கேட்கிறார்கள்!

அடுத்து நடந்ததைப் படித்தால், திருடனே ஆனாலும் கெட்டிக்காரன் என்று சொல்லத் தோன்றும். கட்டுப்பாட்டு அறையின் யூபிஎஸ்ஸை நிறுத்தினார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் போலி அழைப்புகளைக் குவித்தார்கள். துணைமின் நிலையங்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் சிறு கருவிகளின் உள்மென்பொருளையே கெடுத்துவைத்தார்கள். இனி கணினி முன் உட்கார்ந்து எதையும் திரும்ப ஆன் செய்ய முடியாது.

ஆனாலும் சுமார் 6 மணி நேரத்துக்குள் விளக்கு எரிந்தது. ஆட்கள் வண்டி ஏறித் துணைமின் நிலையங்களுக்குப் போய், பிரேக்கர்களைக் கையாலேயே போட்டார்கள்.

ஒரு முக்கியமான அமைப்பின் வரைபடத்தைக் காட்டினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கணினி மொத்தமும் போய்விட்டால் கையால் ஓட்ட முடியுமா? கைப்பிடி இருந்தால் மட்டும் போதாது, அதைப் போடத் தெரிந்த ஆளும் வேண்டும். செலவைக் குறைக்கக் கிளம்பினால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது அந்த ஆள்தான்.

சரி, தரவுக்குக் கைப்பிடி எது? எந்த நெட்வொர்க்கிலும் ஒட்டாத ஒரு நகல். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சுநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள் புகுந்தது. யார் யார் உள்ளே வரலாம் என்ற விவரத்தை வைத்திருக்கும் சர்வர்கள் அங்கே 150 போல இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை, சேர்ந்தே அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்தது மட்டும் தப்பியது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! மீட்பு வேலை நடந்த இங்கிலாந்துக்கு அதிலிருந்த தரவை அனுப்ப இணைய வேகம் போதவில்லை. அங்கிருந்த ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசாவும் இல்லை. அப்புறம் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் சக ஊழியர் ஒருவர் கையில் அந்தத் தரவு இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தார். அவர் அதோடு லண்டன் விமானம் ஏறினார்.

நன்றி, வணக்கம்.