பார்த்துட்டு வந்தவங்களைக் கேளுங்க!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘புதுப் படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நம்பத் தகுந்தது விமர்சகரின் விமர்சனமா, பார்த்து வந்தவர்களின் பேச்சா?’ இதுதான் இன்றைய தலைப்பு. பார்த்து வந்தவர்களின் பேச்சே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் கல்கியிடமிருந்து ஆரம்பித்தார். ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘ஆடல் பாடல்’ விமர்சனப் பகுதியைச் சொன்னார். அப்புறம் பட விமர்சனத்தோடு விகடன் போட்ட மார்க்குக்கு வந்தார். 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு நூற்றுக்கு 62½ கொடுத்ததைச் சொன்னதும் நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நல்ல விமர்சனம் படிக்கச் சுகமானது, அதில் சண்டை இல்லை. படிப்பதற்கு அது. போவதா வேண்டாமா என்பதற்கு?

ஐயா, அந்த மார்க் யாருக்குப் போட்டது? அரிவாளைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் எங்கள் பெரியம்மாவுக்கும் அதே மார்க், ரத்தம் தெறிக்காவிட்டால் கொட்டாவி விடும் அவர் பேரனுக்கும் அதே மார்க்கா? விமர்சகர் ரொம்பப் படித்தவர், நிறையப் படம் பார்த்தவர், எல்லாம் சரி. ஆனால் அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது. எங்கள் வழக்கின் ஆதாரமே இதுதான்: பார்த்து வந்தவர் சொல்லும்போது, சொல்கிற ஆள் யார் என்பதும் சேர்ந்தே நமக்குக் கிடைக்கிறது.

எங்கள் வீட்டு வாட்ஸப் குழுவையே எடுத்துக்கொள்வோம். சின்ன மாமா எந்தப் படம் பார்த்தாலும் ‘செம’ என்று போடுவார். அவர் ‘செம’ என்றால் சுமார். அவரே ‘பரவாயில்லை’ என்று போட்டால் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. அத்தை நேர்மாறு. ‘என்னமோ எடுத்திருக்கான்’ என்று அலுத்துக்கொண்டார் என்றால், தியேட்டரில் நன்றாக அழுதிருக்கிறார், ஒத்துக்கொள்ள மனசில்லை என்று அர்த்தம். அன்று சாயந்தரமே டிக்கெட் போட்டுவிடலாம். இந்தக் கழித்தல் கூட்டலை எந்த விமர்சகரிடம் நான் செய்ய முடியும்?

விமர்சகர் எழுதுவார், ‘இரண்டாம் பாதித் திரைக்கதையில் தொய்வு’ என்று. தொய்வு எவ்வளவு? சாப்பிட்டுவிட்டுப் போனால் தூங்கும் அளவுக்கா? அத்தை சொல்வார்: ‘இன்டர்வெல்லுக்கு அப்புறம் ரெண்டு தடவை போனை எடுத்து மணி பார்த்தேன்.’ முடிந்தது! அப்புறம், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா, வயசான அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கிறதா, அந்த தியேட்டரில் ஏசி ஓடுகிறதா என்பதெல்லாம் இலவச இணைப்பு. சிரிக்காதீர்கள், நாலு பேர் போனால் பாப்கார்னோடு ஆயிரம் ரூபாய் கரைகிறது.

சரி, அண்மையில் வந்த படங்களுக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் ‘லப்பர் பந்து’. அட்டகத்தி தினேஷ், ஹரிஷ் கல்யாண் நடித்த கிரிக்கெட் படம். இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம். பெரிய நட்சத்திரம் கிடையாது. எனக்குக் கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ என்றால் இன்றைக்கும் புரியாது. போயிருக்கவே மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, ‘நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்’ என்று பாடிக்கொண்டிருந்தார். அது 1989இல் வந்த விஜயகாந்த் படப் பாட்டு. என்னக்கா திடீரென்று என்றேன். ‘லப்பர் பந்து படத்துல தினேஷுக்குப் பேரு கெத்து. அவர் பேட்டைத் தூக்கிட்டு இறங்கினா இதான் பாட்டு. எனக்கும் கிரிக்கெட் தெரியாதுடி. மாமனாரும் மருமகனும் முறைச்சுக்கிறதைப் பார்க்கவாவது போ’ என்றார். கையில் ஈரத் துணி, வாயில் ஒரு கிளிப். நடுவர் அவர்களே, அதைவிடத் துல்லியமாக அந்தப் படத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. போனேன், நான் வெளியே வரும்போதும் அதே பாட்டுதான்.

அடுத்த வாரமே ‘மெய்யழகன்’ வந்தது. எதிரணி இதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று தெரியும், நானே எடுத்துவிடுகிறேன். படம் நீளம் என்று பார்த்தவர்கள் பேசினார்கள். வெளியான பிறகு சுமார் 18 நிமிடம் வெட்டப்பட்டது. ‘பார்த்தீர்களா, மக்கள் பேசிப் பேசியே ஒரு நல்ல படத்தில் கத்தரி வைத்துவிட்டார்கள்’ என்பார்கள். அந்த வெட்டில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் என்னிடம் சொன்னது இது: ‘படம் நீளம்மா. எனக்கு ஓடலை. ஆனா நீ தஞ்சாவூர்ப் பக்கம், வீட்டை வித்துட்டு வந்த ஆளு. நீ போ.’ தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன ஒருவன் வருஷக்கணக்கில் கழித்து நீடாமங்கலத்துக் கல்யாணத்துக்கு வருகிற கதை அது. தனக்குப் பிடிக்காத படத்தை எனக்குப் பிடிக்கும் என்று ஒருவர் அனுப்பிவைக்கிறார். எந்தப் பத்திரிகையிலாவது ‘எனக்கு ஓடவில்லை, உனக்கு ஓடும்’ என்று விமர்சனம் வந்திருக்கிறதா?

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1980இல் ‘ஒரு தலை ராகம்’ புதுமுகங்களோடு வந்தபோது ஆரம்ப நாட்களில் தியேட்டர் காலி. பார்த்த காலேஜ் பிள்ளைகள் பேசினார்கள், படம் நின்று ஓடியது. 1999 டிசம்பரில் ‘சேது’. பிரிவியூ மேல் பிரிவியூ போட்டும் வாங்க ஆளில்லாமல் கிடந்து, கடைசியில் சத்தமில்லாமல் வெளியான படம். முதல் சில நாள் போனவர்கள் வெளியே வந்து வாய் திறந்ததால்தான் அது நூறு நாள் தாண்டியது. பாலாவும் விக்ரமும் நமக்குக் கிடைத்தது அந்தப் பேச்சில்தான்.

எதிரணியின் பிரம்மாஸ்திரம் ஒன்று உண்டு: ‘அன்பே சிவம்’. 2003 பொங்கலுக்கு வந்தது, நல்ல விமர்சனங்கள் வந்தன, கூட்டம் வரவில்லை. உண்மை, மறுக்க மாட்டேன். அன்றைக்கு ஜனங்கள் கோட்டை விட்டார்கள். ஆனால் அப்புறம் என்ன ஆயிற்று? டிவியில் போடப் போட, ‘இதை எப்படி அன்னைக்கு விட்டோம்’ என்று வீட்டுக்கு வீடு பேச ஆரம்பித்தார்கள். அந்தப் படத்துக்கு இன்றைக்கு இருக்கும் மரியாதை யார் கொடுத்தது? அச்சில் ஏறின மார்க் ஏறினபடியே இருக்கும். பேச்சு, தான் சொன்னதையே பத்து வருஷம் கழித்து மாற்றிச் சொல்லும்.

‘குணா’வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு மோதி, வசூலில் பின்தங்கிய படம். ஆனால் அந்தப் படம் எடுத்த, கொடைக்கானலில் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்திருந்த இடத்தை ‘குணா குகை’ ஆக்கியது எந்த விமர்சனமும் இல்லை, வேன் பிடித்துப் போய்ப் பார்த்து வந்து பேசிய ஜனங்கள். முப்பது வருஷம் தாண்டி, 2024இல் அதே குகையில் நடக்கிற கதையாக ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபோது அந்தக் குகையும் ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு’ பாட்டும் நம்மை இழுத்துக்கொண்டு போயின. ஒரு மலையாளப் படம் தமிழ்நாட்டில் 50 கோடி வசூல் தாண்டியது அதுதான் முதல் தடவை.

‘அப்படியென்றால் தியேட்டர் வாசலில் மைக்கைப் பார்த்து ‘தலைவா வேற லெவல்’ என்று கத்துகிறவர்களையும் நம்புவீர்களா?’ என்று எதிரணி அம்மையார் கேட்டார். நம்ப மாட்டேன் அம்மா. அவர் பேசுவது கேமராவிடம். மாடியில் துணி உலர்த்துகிற அக்காவுக்கு அந்தப் படம் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? ஆதாயம் இல்லாதவர் பேச்சைத்தான் நான் பேச்சு என்கிறேன்.

கடைசியாக ஒன்று. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்தது. பார்த்தவர்கள் சொன்ன முதல் விஷயம் கதையும் இல்லை, நடிப்பும் இல்லை. ‘ஒரே சத்தம், தலை வலிக்குது.’ ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியும் அந்தச் சத்தத்தைப் பற்றி வருத்தப்பட்டார். தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சத்தத்தை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொன்னார். காதைத் தேய்த்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவரும் ஆஸ்கர்காரரும் ஒரே தீர்ப்பு!

அந்தப் பரபரப்பில்தான் தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வெளியாகி முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று கேட்டார்கள். கருத்துச் சொல்வது உரிமை என்று சொல்லி, டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. ஒரு பேச்சுக்கு, தடை கிடைத்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். யூடியூபுக்கு நோட்டீஸ் அனுப்பலாம், பத்திரிகைக்கும் அனுப்பலாம். சனிக்கிழமை காலைக் காட்சி விட்டு நேராக டீக்கடைக்குப் போய், ‘மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க, தலை வெடிக்குது’ என்கிறாரே, அவருக்கு எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.