மாற்று ஆட்டக்காரர் வாத்தியாரான கதை

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, சம்பளம் வாங்காமல் ஞாயிறுதோறும் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறிய உணவுக் குழுவினரே, பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் பிலடெல்பியா கொண்டாடிய அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் டக் பீடர்சனைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல நினைத்தேன். ஆட்டக்காரராக அவர் பட்ட பாடு, பயிற்சியாளராக அவர் ஏறிய படிகள், ஒரு பெரிய ராத்திரியில் அவர் எடுத்த முடிவு.

1991இல், புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. கிரீன் பே அணியில் பிரெட் ஃபாவ்ருக்கு மாற்று குவாட்டர்பேக்காக, அதாவது பந்து எறிபவருக்கு மாற்றாக, எத்தனையோ ஆட்டங்களை ஓரத்தில் நின்றே பார்த்தார். 1999இல் இங்கே நம் ஊர் அணியான ஈகிள்ஸுக்கு ஆட வந்தார். ஒன்பது ஆட்டங்களுக்குப் பிறகு அவர் இடம் இளைஞர் டோனவன் மெக்னாபுக்குப் போனது. நின்று பார்த்த காலமெல்லாம் வீண் என்கிறீர்களா? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அவருடைய சட்டி அப்போதுதான் நிறைந்தது.

ஆடி முடித்ததும் 2005இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சியாளராகப் போனார். நான்கு வருடம்! அப்புறம்தான் 2009இல் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட் அவரை ஈகிள்ஸுக்கு அழைத்து, கீழ்ப்படியிலிருந்து தொடங்கவைத்தார். 2016இல் ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ், சாம்பியனை முடிவுசெய்யும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர். அடுப்பில் பஜ்ஜி. எதிரே டாம் பிரேடியின் பேட்ரியட்ஸ். 15-12 என்று நாம் முன்னிலை. இடைவேளைக்கு 38 விநாடி. நான்காவது, அதாவது கடைசி முயற்சி, கோட்டுக்கு ஒரு கெஜம்தான் பாக்கி. உதைத்து மூன்று புள்ளி வாங்கிக்கொண்டு போயிருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஓரத்துக்கு வருகிறார் நிக் ஃபோல்ஸ். கார்சன் வென்ட்ஸ் முழங்கால் அடிபட்டுப் போனதால் ஆட வந்த மாற்று ஆட்டக்காரர். "ஃபில்லி ஃபில்லி?" என்று ஒரு தந்திர ஆட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். பீடர்சன் ஒரு கணம் யோசித்துச் சரி என்கிறார். பந்து நம் அணியின் கிளெமென்ட் கைக்குப் போகிறது, அவரிடமிருந்து பர்ட்டன் கைக்கு. பர்ட்டன் எறிகிறார். பிடித்தவர் யார்? வழக்கமாகப் பந்து எறிகிற ஃபோல்ஸ்! ஆட்டத்தின் விதியே தெரியாத என் மாமியார் எழுந்து நின்று கை தட்டினார். அடுப்பில் பஜ்ஜி கருகியது, யாரும் கவனிக்கவில்லை. முடிவில் 41-33. ஈகிள்ஸின் முதல் சூப்பர் பவுல் வெற்றி. பீடர்சனும் ஃபோல்ஸும் பேசிய நொடி இன்று மைதானத்துக்கு வெளியே சிலையாக நிற்கிறது.

மாற்று ஆட்டக்காரரை நம்ப, மாற்று ஆட்டக்காரராக இருந்தவருக்குத் தெரிந்தது. சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது.

இதை நான் நம் பள்ளிக்காகவே சொல்கிறேன். எட்டாம் நிலை முடித்த பிள்ளைகள் சான்றிதழோடு போய்விடுகிறார்கள். "ழ" வராமல் தவித்தது அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். வீட்டில் ஆங்கிலமும் இங்கே தமிழுமாகத் திணறிய சின்னப் பிள்ளைக்கு எங்களைவிட அவர்களே நல்ல வாத்தியார். பீடர்சன் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்கு வருடம் கொடுத்தார். நான் கேட்பது ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம்.

உதவி ஆசிரியர் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகும்முன் உங்கள் பதினாறு வயதுப் பிள்ளையை அங்கே அழைத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.